ஊடகக் கல்வியும் அதன் பயனும்: ஒரு வரலாற்று நோக்கு

செய்தி திரட்டி எழுதும் தொழிலைப் பல்கலைக்கழகத்திலே கற்பித்தல் இயலுமா, இயலுமெனின் அக்கல்வியால் விளையும் பயன் யாது என்னும் வினாக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையன. மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளிற் பட்டம் பெறுவதன் பயனைப் பற்றி எவரும் ஐயுறுவதில்லை. தகுதி பெறாதவன் நோயாளிக்கு மருத்துவம் செய்தலையும், வழக்காளிக்காக மன்றிலே தோன்றுதலையும் சட்டமே தடுக்கின்றது. எழுதுவதற்கும் பேசுவதற்குமோ பெரும்பாலான நாடுகளில் எவரும் அனுமதி பெறவேண்டியதில்லை. பிரேசில் நாட்டில் 1969 ஆம் ஆண்டில் இராணுவ ஆட்சியாளர், பத்திரிகைத் தொழிலிற் புகுவோர் அத்துறையிற் பட்டம் பெற்றிருத்தல் வேண்டுமென விதித்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009 இல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி கருத்து வெளியிடும் சுதந்திரத்துக்கு முரணானது எனத் தள்ளிற்று. ஆகவே ஊடகக் கற்கைகளிற் பெறும் பட்டம் தொழிலுக்குரிய உரிமைச் சீட்டாக நிலைத்தல் அரிது, நிலைத்தலும் நன்றன்று. அவ்வாறாயின் அதன் பெறுமதி எதிலே தங்கியுள்ளது? இக்கல்வி தோன்றி வளர்ந்த வரலாற்றை நோக்கின் விடை புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பத்திரிகையாளனாக விரும்பிய இளைஞனுக்கு அச்சுக்கூடமே கல்விக்கூடமாக இருந்தது. அவன் சிறுவனாகவே ஓர் அச்சுக்கூடத்திற் சேர்ந்து, எழுத்துக் கோத்து, பிழை திருத்தி, சிறு செய்திகள் எழுதப் பழகி, ஆசிரியரின் கண்ணிற் பட்டு மேனிலை எய்தினான். இம்முறையால் ஆற்றல் மிக்க பத்திராதிபர் பலர் உருவாயினர் என்பது உண்மை. எனினும் இதிற் குறைகள் இரண்டு இருந்தன. அச்சுக்கூடத்தின் வழக்கம் எதுவோ அதனையே மாணவன் கற்றான். அவ்வழக்கம் தவறாயின் தவறும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. மேலும், உள்ளே நுழைய வேண்டின் உள்ளேயிருப்போரின் தயவு வேண்டும். பெண்களுக்கும் செல்வாக்கற்றோருக்கும் அக்கதவு எளிதில் திறக்கவில்லை.

இம்முறைக்கு மாற்றொன்று காண முதன்முதல் முயன்றோருள் றொபேட் லீ ஒருவர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்னாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கித் தோல்வியுற்ற அவர், போரின் பின் வேர்ஜீனியாவிலுள்ள வாஷிங்ரன் கல்லூரியின் தலைவரானார். 1869 இல், அச்சுத் தொழிலையும் பத்திரிகைத் தொழிலையும் மேற்கொள்ள விரும்பும் இளைஞர் ஐம்பதின்மர் வரையிலானோருக்கு உதவிப் பணம் அளிக்கும் திட்டமொன்றை அக்கல்லூரி வகுத்தது. மாணவர் ஏனைய பாடங்களைக் கற்பதோடு அச்சுக்கூடத்திலும் வேலை செய்தல் வேண்டும். பெரும் பத்திரிகைகளின் ஆசிரியர் சிலர் இத்திட்டத்தை எள்ளினர். பத்திரிகை அலுவலகத்திலன்றி வேறெங்கும் இத்தொழிலைக் கற்றல் இயலாது என்றனர். 1870 இல் லீ இறந்தார். சில ஆண்டுகளுள் திட்டமும் மறைந்தது. ஆயினும் வினா மறையவில்லை.

அவ்வினாவை மீண்டும் எழுப்பியவர் யோசப் புலிற்சர். 1847 இல் ஹங்கேரி நாட்டிற் பிறந்து, இளைஞராய் அமெரிக்கா சென்று, பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாமலே பத்திரிகைத் துறையில் உயர்ந்தவர் அவர். சென் லூயிஸ் நகரிற் புகழ் பெற்ற பின், 1883 இல் நியூயோர்க் நகரத்து ‘வேர்ல்ட்’ பத்திரிகையை வாங்கினார். ஊழலை வெளிப்படுத்தலும் ஏழைகளுக்காக வாதாடலும் அப்பத்திரிகையின் ஒரு முகம். விற்பனையைப் பெருக்கும் பரபரப்பு அதன் மறு முகம். 1890 களின் நடுப்பகுதியில் வில்லியம் ஹேர்ஸ்ட் என்பார் போட்டிக்கு வந்தபொழுது, இரண்டாம் முகமே மேலோங்கிற்று.

அப்போட்டியின் விளைவு 1898 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் நாள், கியூபாவின் ஹாவானாத் துறைமுகத்தில் நின்ற ‘மெயின்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கிற்று; கடற்படையினர் 260 பேருக்கு மேல் மாண்டனர். விசாரணை முடியுமுன்னரே, பகைவரின் சதியே காரணமென்று வாசகர் எண்ணுமாறு நியூயோர்க் பத்திரிகைகள் பெரிய எழுத்துக்களிலே தலைப்பிட்டன. இரண்டு மாதங்களின் பின் ஸ்பெயினுடன் போர் மூண்டது. போருக்குக் காரணம் பத்திரிகைகளே என்று கூறுதல் மிகையாகும். அரசியற் காரணங்கள் பல இருந்தன. எனினும் ஆராயப்படாத ஒரு கூற்று உறுதியான செய்தி போலப் பல இலட்சம் மக்களிடம் சென்றது என்பதை மறுத்தல் இயலாது. 1976 இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி றிக்கோவர் வெளியிட்ட ஆய்வு, கப்பலின் உள்ளே நிலக்கரிச் சேமிப்பறையில் எழுந்த தீயே வெடிப்புக்குக் காரணமாதல் கூடும் என்ற முடிவுக்கு வந்தது.

இத்தகைய போட்டியின் நடுவே நின்ற புலிற்சரே பத்திரிகைக் கல்லூரி ஒன்று வேண்டுமெனப் பாடுபட்டார் என்பது நோக்கற்பாலது. 1892 இலேயே அவர் கொலம்பியாக் கல்லூரிக்கு இக்கருத்தைத் தெரிவித்தார், அது ஏற்கப்படவில்லை. 1903 இல் இருபது இலட்சம் டொலர் நன்கொடையோடு மீண்டும் முன்வந்தபொழுது கொலம்பியாப் பல்கலைக்கழகம் இணங்கிற்று. 1904 இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், பத்திரிகையாளன் பிறக்கின்றானேயன்றி ஆக்கப்படுவதில்லை என்ற வாதத்தை மறுத்தார். சட்டம், ஒழுக்கவியல், வரலாறு, பொருளியல், புள்ளிவிவரவியல், பிற மொழிகள் ஆகியவற்றைத் தொழிற் பயிற்சியோடு இணைத்துக் கற்பித்தல் வேண்டுமென்றார். விளம்பரம் சேர்த்தலும் விற்பனை பெருக்கலும் கல்லூரியின் பாடங்களாதல் கூடா என்பதில் அவர் உறுதியாக நின்றார். வணிகத்தாற் செல்வம் பெற்றவர் வணிகத்தை வகுப்பறைக்கு வெளியே நிறுத்த விரும்பினார். புலிற்சர் 1911 இல் இறந்தார். 1912 செப்தெம்பரிற் கல்லூரி திறக்கப்பட்டது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே மிசூரிப் பல்கலைக்கழகம் வேறொரு வழியிற் சென்றுவிட்டது. அங்கே பத்திரிகைக் கல்லூரியை நிறுவி அதன் முதலாவது பீடாதிபதியான வோல்ரர் வில்லியம்ஸ் அச்சுக்கூடச் சிறுவராகத் தொழிலைத் தொடங்கியவர். கல்லூரிப் பட்டம் எதனையும் பெறாதவர். பிற்காலத்தில், 1931 முதல் 1935 வரை, அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவே அவர் விளங்கினார். 1908 செப்தெம்பர் 14 ஆம் நாள் கல்லூரியில் வகுப்புக்கள் தொடங்கின. அன்றே மாணவர் தயாரித்த செய்திப் பத்திரிகையின் முதலாவது இதழும் வெளிவந்தது. அது வகுப்பறைப் பயிற்சிக்கென அச்சிட்டு அலமாரியில் வைக்கப்படும் இதழன்று. நகர மக்கள் விலை கொடுத்து வாங்கும் பத்திரிகை. மாணவன் ஒருவரின் பெயரைப் பிழையாக எழுதினால், மறுநாள் அப்பெயருக்குரியவரே வந்து கேட்பார். இவ்வாறு தவறுக்குப் பொறுப்பேற்கும் பயிற்சி பாடத்தின் பகுதியாயிற்று. 1953 இல் அப்பல்கலைக்கழகம் தொலைக்காட்சி நிலையம் ஒன்றையும் இதே முறையில் தொடங்கிற்று.

இக்கல்லூரிகளாற் கிடைத்த முதற்பயன், அச்சுக்கூடத்திற் புகமுடியாதிருந்தோருக்கு வழி பிறந்தமையாகும். மிசூரிக் கல்லூரி தொடக்கத்திலிருந்தே பெண்களையும் அனுமதித்தது. 1910 இல் மேரி பக்ஸ்ரன் அங்கே பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். பழைய முறையில் ஆசிரியரின் தயவை எதிர்பார்த்து வாயிலில் நின்றிருக்க வேண்டியவர், இப்பொழுது தம் திறமைக்குச் சான்றாகப் பட்டம் ஒன்றைக் காட்டக்கூடியவரானார். செல்வமும் உறவும் இல்லாதோருக்குப் பட்டம் அளிக்கும் இவ்வுதவி இன்றும் சிறியதன்று.

எனினும் தொழிற் பயிற்சி மாத்திரம் போதாது என்பதை 1920 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. வோல்ரர் லிப்மன், சாள்ஸ் மேர்ஸ் என்னும் இருவர், ருசியப் புரட்சியைப் பற்றி ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை 1917 மார்ச்சு முதல் 1920 மார்ச்சு வரை வெளியிட்ட செய்திகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தனர். நாட்டின் மிகச் சிறந்த பத்திரிகைகளுள் ஒன்றெனக் கருதப்பட்ட அது, போல்சுவிக் ஆட்சி கவிழப் போகின்றது அல்லது கவிழ்ந்துவிட்டது என்று அக்காலப்பகுதிக்குட்பட்ட இரண்டு ஆண்டுகளில் 91 முறை எழுதியிருந்தமை தெரியவந்தது. அவ்வாட்சியோ கவிழவில்லை. செய்தி எழுதியோர் பொய்யரல்லர், எழுத்தாற்றல் இல்லாதவருமல்லர். தாம் விரும்பியதையே நடந்ததாக நம்பினர். சான்று தருவோர் எவரென ஆராயவில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவனும் நன்றாக ஏமாறக்கூடும் என்பதே அவ்வாய்வு கற்பித்த பாடம்.

இப்பாடத்திலிருந்தே ஊடகக் கல்வியின் இரண்டாம் பகுதி வளர்ந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1905 முதல் இத்துறையைக் கற்பித்த வில்லாட் பிளேயர், பத்திரிகைக் கல்வியைச் சமூக விஞ்ஞானங்களோடு பிணைத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது வானொலியும் திரைப்படமும் மக்கள் மனத்தை ஆளும் கருவிகளாக எல்லா நாட்டு அரசுகளாலும் பயன்படுத்தப்பட்டன. அமெரிக்க அரசின் போர்க்காலத் தகவற் பணியில் இருந்து திரும்பிய வில்பர் சிறாம், 1943 இல் அயோவாப் பல்கலைக்கழகத்தின் பத்திரிகைக் கல்லூரிக்குத் தலைவரானார். 1947 இல் இலினோய் பல்கலைக்கழகத்திலே தொடர்பாடல் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். செய்தியை எழுதுவது எப்படி என்பதோடு, செய்தி எவரைச் சென்றடைகின்றது, அவர் அதனை எவ்வாறு ஏற்கின்றார் அல்லது மறுக்கின்றார் என்பனவும் ஆராய்ச்சிக்கு உரியனவாயின.

பிரித்தானியாவில் இவ்வரலாறு வேறு விதமாகச் சென்றது. இலண்டன் பல்கலைக்கழகம் 1919 இல் போரிலிருந்து மீண்ட இளைஞரை மனத்திற்கொண்டு தொடங்கிய பத்திரிகைத் துறை டிப்ளோமா, 1939 இல் அடுத்த போர் மூண்டதும் நின்றுபோயிற்று. நெடுங்காலம் கழித்து, 1970 இல், புகழ் பெற்ற பத்திராதிபரான ரொம் ஹொப்கின்சன் காடிஃப் நகரிலே பல்கலைக்கழகப் பத்திரிகைப் பயிற்சியை மீண்டும் தொடக்கினார். இதற்கிடையில் இலக்கிய ஆராய்ச்சியினூடாக வேறொரு நெறி பிறந்தது. உழைக்கும் மக்களின் வாசிப்பையும் பொழுதுபோக்கையும் 1957 இல் ஒரு நூலாக ஆராய்ந்த றிச்சட் ஹொகாட், 1964 இல் பேமிங்காம் பல்கலைக்கழகத்திற் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை நிறுவினார். அவருக்குப் பின் அதனை நடத்திய, யமேக்காவிற் பிறந்த ஸ்ருவாட் ஹோல், தொலைக்காட்சி காட்டுவதை எல்லாரும் ஒரே பொருளிற் கொள்வதில்லை என்றும், பார்ப்போர் தத்தம் நிலைக்கேற்ப அதனை ஏற்பர், திருத்துவர் அல்லது எதிர்ப்பர் என்றும் 1973 இல் விளக்கினார். 1975 இல் மத்திய இலண்டன் பொலிரெக்னிக்கில் ஊடகக் கற்கைகளுக்கெனத் தனிப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. செய்தியை ஆக்குவோனைப் போல, அதனைப் படிப்போனும் காண்போனும் கல்விக்குப் பொருளாயினமை இம்மூன்றாம் பகுதியின் சிறப்பு.

பட்டம் பரவிய வேகத்திலேயே பழியும் பரவிற்று. 2003 இல் பிரித்தானிய உயர்கல்வி அமைச்சராயிருந்த மாகிறெற் ஹொட்ஜ் தரங்குறைந்த பட்டங்களைக் குறிக்க ‘மிக்கி மவுஸ் பட்டம்’ என்ற தொடரை ஆண்டார். பத்திரிகைகள் அதனைப் பெரும்பாலும் ஊடகக் கற்கைகளின் தலையிலேயே சுமத்தின. இப்பழியை முற்றாகத் தள்ளுதல் நேர்மையாகாது. சில நிறுவனங்கள் மாணவர் தொகையைப் பெருக்கும் நோக்கோடு கருவியுமின்றி நூலுமின்றிப் பட்டங்களை வழங்கின. வேறு சில இடங்களில் மாணவர் கலைச்சொற்களை மனனஞ் செய்தனரேயன்றி ஒரு நீதிமன்ற வழக்கையேனும் இருந்து கேட்டு எழுதப் பழகவில்லை. ஆனால் ஒரு கல்வி தவறாகக் கற்பிக்கப்படுவது, அக்கல்வி வேண்டாததென்பதற்குச் சான்றாகாது.

தென்னாசியாவில் இக்கல்வி அமெரிக்க, பிரித்தானியத் தொடர்புகளாலேயே வேரூன்றிற்று. மிசூரியிலும் இலண்டனிலும் கற்ற பிரித்வி பால் சிங் 1941 இல் லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறையைத் தொடக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1947 இல் அதனைப் பின்பற்றிற்று. 1965 இல் புதுடில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தோன்றிற்று. இலங்கையில் பத்திரிகைக்கும் உயர்கல்விக்கும் உள்ள உறவு இவை எல்லாவற்றிலும் மூத்தது. 1841 இல் அமெரிக்க மிசனின் ஆதரவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த ‘உதயதாரகை’க்கு ஆசிரியராயிருந்த ஹென்றி மாட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற தமிழர். கணிதம், வானவியல், தருக்கம் முதலியன கற்றவர் கையிலே இந்நாட்டின் முதற் தமிழ்ப் பத்திரிகை பிறந்தது. எனினும் அத்தொழிலுக்கெனத் தனிக் கல்வி அமையப் பல தலைமுறைகள் சென்றன. கொழும்பிலே இலங்கை இதழியற் கல்லூரி 2004 இலேயே தொடங்கிற்று. களனி, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் ஊடகத்துறை இன்று பாடமாகவுள்ளது.

இக்கல்வி பரவிய இதே காலத்தில், அதன் பயனாகப் பெற்றோர் கருதும் வேலைவாய்ப்போ சுருங்கி வருகின்றது. அமெரிக்கப் பத்திரிகைகளின் செய்திப் பிரிவுகளில் 2008 இல் ஏறக்குறைய 71,000 பேர் பணியாற்றினர். 2020 இல் அத்தொகை ஏறக்குறைய 31,000 ஆயிற்று. விளம்பர வருவாய் இணைய நிறுவனங்களைச் சேர்ந்தமையே இதற்குத் தலையாய காரணம். முன்னர் மூன்று ஆண்டுகள் பழகிக் கற்ற ஒளிப்பதிவையும் பக்க அமைப்பையும் இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் சிறுவன் சில நாள்களிற் கற்கின்றான். செயற்கை நுண்ணறிவு பொறிகள் தலைப்பும் சுருக்கமும் நொடியில் எழுதுகின்றன. ஆகவே கருவியை இயக்கும் திறமையை மாத்திரம் தரும் பட்டம், அக்கருவி பழமையடையும்போது தானும் பழமையடையும். பெருங்கடன் பட்டு அத்தகைய பட்டத்தைப் பெறுதல் அறிவுடைமையாகாது.

புலிற்சரின் கல்லூரியே இவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது. 2002 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத் தலைவர் லீ பொலிஞ்சர், புதிய பீடாதிபதியைத் தெரிவு செய்யும் முயற்சியை இடைநிறுத்தி, இக்காலத்தில் ஒரு பத்திரிகைக் கல்லூரி எதனைக் கற்பித்தல் வேண்டுமென முதலில் ஆராய்தல் வேண்டும் என்றார். அதன் விளைவாக, அரசியல், விஞ்ஞானம், பொருளாதாரம், கலை என்பவற்றுள் ஒன்றை ஆழ்ந்து கற்கும் முதுகலைப் படிப்பு 2005 இல் அங்கே தொடங்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் புலிற்சர் வகுத்த பாடப் பட்டியலுக்கே கல்லூரி ஒருவாறு மீண்டது எனலாம். எழுதுவோன் தான் எழுதும் பொருளை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விதி, கருவிகள் பல மாறியும் மாறவில்லை.

இவ்விதி பிறழ்ந்தால் நேரும் கேட்டை இலங்கையர் அண்மையிற் கண்டனர். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்பட்டதென்ற வதந்தி எழுந்தது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் சேதமுற்றது. பின்னர் உணவைச் சோதித்த அரசாங்கப் பகுப்பாய்வாளர், அதிற் காணப்பட்டது வெறும் மாப்பொருளே என அறிவித்தார். அதற்குள் வதந்தி சமூக ஊடகங்களினூடாக நாடெங்கும் சென்றுவிட்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்திற் கலவரம் மூண்டு உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. அரசு சமூக ஊடகங்களைச் சில நாள்கள் முடக்கிற்று. அவ்வேளையிற் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்குப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. 1898 இல் நியூயோர்க் நகரத்துப் பத்திரிகைகள் செய்ததை இங்கே ஆசிரியரும் அச்சுக்கூடமும் இல்லாமலே பொதுமக்கள் செய்தனர். முன்னர்ச் சிலர் கையிலிருந்த வெளியிடும் வலிமை இன்று எல்லார் கையிலும் உள்ளது. அவ்வலிமையோடு வரவேண்டிய பயிற்சியோ எல்லாரிடமும் இல்லை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஊடகக் கல்வி மூன்று படிகளாக வளர்ந்தமை தெளிவாகும். மிசூரி கற்பித்தது பொறுப்போடு எழுதும் தொழில். லிப்மன் முதலியோரின் ஆய்வுகளும் சமூக விஞ்ஞானமும் கற்பித்தன சான்றைச் சோதிக்கும் முறை. பேமிங்காம் கற்பித்தது, சொல்லப்படும் கதைக்குப் பின்னே எவருடைய நலனும் வலிமையும் நிற்கின்றன என வினவும் நோக்கு. தொழிலை மாத்திரம் கற்றவன் கருவியோடு தேய்வான். நோக்கை மாத்திரம் கற்றவன் பிறர் எழுதியதைக் குறைகூறுவானேயன்றித் தானொரு செய்தியை நிறுவ மாட்டான். மூன்றும் ஒருங்கு அமைந்த பட்டமே பெறுமதியுடையது. அதனைப் பெற்றவன் பத்திரிகையிற் பணிபுரியினும், பாடசாலையிற் கற்பிப்பினும், அரச அலுவலகத்திலோ வணிக நிறுவனத்திலோ அமரினும் அக்கல்வி அவனுக்குப் பயன்படும். அவனைச் சூழ்ந்தோருக்கும் பயன்படும்.

ஆகவே இத்துறையை நாடும் மாணவன், பட்டத்தின் பெயரை நோக்குவதிலும் பாடத்திட்டத்தை நோக்குதல் நன்று. மக்கள் படிக்கும் இதழையோ கேட்கும் ஒலிபரப்பையோ அங்கு மாணவர் நடத்துகின்றனரா? புள்ளிவிவரமும் சட்டமும் வரலாறும் கற்பிக்கப்படுகின்றனவா? தாய்மொழியிற் பிழையின்றி எழுதும் பயிற்சி உண்டா? தவறு செய்தால் அதனை வெளிப்படையாகத் திருத்தும் வழக்கம் உண்டா? இவற்றுக்கு விடை ‘ஆம்’ எனின், அப்பட்டம் வேலைக்கு உறுதி கூறாவிடினும் அறிவுக்கு உறுதி கூறும்.

நம் தருக்க நூலார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்தனர். உரையை அளவையாக ஏற்ற அவர்கள் எவருரையையும் அவ்வாறு ஏற்கவில்லை. பொருளை ஐயந் திரிபற உணர்ந்து, உணர்ந்தவாறே உரைப்பவனின் சொல்லையே ஏற்றனர். உலகின் பெரும்பகுதியை மனிதன் காட்சியாலன்றிப் பிறர் உரையாலேயே அறிகின்றான். அவ்வுரை நாள்தோறும் பல்லாயிரம் வாயிலாக வந்து குவியும் இக்காலத்தில், உரைப்போனின் தகுதியையும் உரையின் உண்மையையும் ஆராயப் பழக்கும் கல்வி எதுவாயினும் அது வீணாகாது. ஊடகக் கற்கைகள் அப்பணியைச் செய்யும் வரையில் அவற்றுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு.